முப்பது பிள்ளைகளும் ஒரு கொத்தனாரும்

பண்டைய ரோமில் பள்ளிக்கூடத்தை எப்படிச் சொல்வார்கள், தெரியுமா? 'லூடுஸ்'. அந்த லத்தீன் வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம்... விளையாட்டு! பேர்தான் அப்படி. உள்ளே போய்ப் பார்த்தால், அடி பின்னிவிடுவார்கள்!

ஏழு வயசுப் பையன் மடியில் மெழுகு பூசிய மரப்பலகை, கையில் எழுத்தாணி. தப்பாக எழுதினால் எழுத்தாணியின் தட்டையான முனையால் தேய்த்து அழித்துவிடலாம். அதற்குள் வாத்தியார் பார்த்துவிட்டால், தொலைந்தான்! சேவல் கூவும் முன்பே பள்ளிக்கூடத்தில் கேட்கும் கத்தலாலும் அடி சத்தத்தாலும் தூக்கம் போச்சு என்று மார்ஷியல் என்ற கவிஞர் புலம்பியிருக்கிறார்.

பையனைப் பள்ளிக்கு அழைத்துப்போவது ஓர் அடிமை. 'பெடகோகஸ்' என்பார்கள். நாளைய எஜமானரின் நடை, ஒழுக்கம் எல்லாம் இவர் பொறுப்பு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கேட்டோ என்ற பெரும்புள்ளிக்கு மட்டும் இந்த ஏற்பாடு பொறுக்கவில்லை. அவர் வீட்டிலேயே படித்த அடிமை ஒருவர் இருந்தார். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். ஆனால், 'என் மகன் காதை ஓர் அடிமை திருகுவதா?' என்று கேட்டோ தானே வாத்தியாராகிவிட்டார்! பெரிய பெரிய எழுத்தில் வரலாற்றைக் கைப்பட எழுதி மகனுக்குக் கொடுத்தார்.

இன்னொரு வாத்தியாரைப் பாருங்கள். ஆர்பிலியஸ். கி.மு. 63-ல், தன் ஐம்பதாவது வயசில் ரோமுக்கு வந்தவர். மகா முரடர். இவரிடம் அடி வாங்கிய ஹொரேஸ், பின்னாளில் பெரிய கவிஞராகி, 'அடிகார ஆர்பிலியஸ்' என்று பட்டமே கட்டிவிட்டார்! அவ்வளவு புகழ் இருந்தும் கையில் காசில்லை. வயசான காலத்தில் கூரை ஓட்டுக்கடியில் குடியிருப்பதாக எழுதி வைத்தார். பெற்றோரால் வாத்தியார்கள் படும் பாட்டைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சொந்த ஊரில் பளிங்குச் சிலை மட்டும் வைத்தார்கள்!

அப்படி என்னதான் சம்பளம்? பி.காம். படித்தவன் இல்லையா, கணக்குப் போடாமல் விடமாட்டேன். கொஞ்சம் பிந்தைய கணக்குதான். கி.பி. 301-ல் டயோக்ளீஷியன் சக்கரவர்த்தி எல்லாப் பொருளுக்கும் வேலைக்கும் உச்சவரம்பு போட்டு ஆணையிட்டார். எழுத்துப்படிப்பு சொல்லித் தரும் வாத்தியாருக்கு, பிள்ளைக்கு மாசம் 50 டெனாரியஸ். கொத்தனாருக்கு? ஒரு நாளைக்கு 50. சாப்பாடு தனி! அதாவது, மாசம் முழுக்க வேலை இருக்கிற கொத்தனாரை எட்டிப்பிடிக்க, வாத்தியாருக்கு முப்பது பிள்ளைகள் வேண்டும். சாப்பாடு அப்போதும் அவர் செலவுதான்!

பிள்ளைகளை அடிக்கவே கூடாது என்று ஒருவர் அழுத்தமாகச் சொன்னார். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த குவின்டிலியன். 'அடிப்பது கேவலம். அது அடிமைகளுக்குத்தான் பொருந்தும்' என்றார். அடிமைப் பிள்ளையின் முதுகும் முதுகுதான் என்பது அந்த நல்ல மனுஷருக்கும் தோன்றவில்லை, பாருங்கள்.

அவர் சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசாங்கக் கஜானாவிலிருந்து வருஷத்துக்கு ஒரு லட்சம் செஸ்டர்ஸ்! வெஸ்பாசியன் சக்கரவர்த்தி ஏற்பாடு செய்தது. வயிறு நிறைந்த வாத்தியார் பிரம்பைக் கீழே போடச் சொன்னார். கூரைக்கடியில் கிடந்தவர் பிரம்பை விடவே இல்லை.

இது தற்செயல்தானா? நீங்களே சொல்லுங்கள்.