ஓவர்டைம் பார்த்தால் உடம்புக்கு என்ன ஆகும்? வாரம் 55 மணி நேரம் ஏன் ஆபத்தான எல்லை?

ஸ்கூல் ஃபீஸ், வண்டி டியூ, வீட்டு வாடகை. 'ரெண்டு மணி நேரம் சேர்த்துப் பார்த்தா சமாளிச்சிடலாம்' என்றுதான் பலரும் ஓவர்டைமுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு உடம்பு என்ன விலை கொடுக்கிறது?

உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021 மே மாதம் கூட்டாக ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ பார்ப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35% அதிகம். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17% அதிகம். 2016-ல் மட்டும் இப்படி 7.45 லட்சம் பேர் இறந்ததாக அந்த ஆய்வு மதிப்பிடுகிறது.

55 மணி நேரமா, நமக்கு அவ்வளவு வராதே என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 6 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் 48. தினமும் ஒன்றேகால் மணி நேரம் ஓவர்டைம் சேர்ந்தாலே 55-ஐத் தாண்டிவிடும். கம்பெனி பஸ்ஸில் போய்வரும் நேரம் இதில் சேராது.

பாதிப்பு இரண்டு வழிகளில் வருகிறது. ஓய்வில்லாத உடம்பில் அட்ரினலின், கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் அதிகமாகவே இருக்கும். ரத்த அழுத்தம் ஏறும். இன்னொன்று நம் பழக்கம். தூக்கம் குறையும், சாப்பாடு நேரம் தவறும், டீயும் சிகரெட்டும் கூடும், நடைப்பயிற்சி நின்றுவிடும். பிபி மாத்திரையைக்கூட மறந்துவிடுவோம்.

சிக்கல் என்னவென்றால், இது உடனே தெரியாது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் 60 முதல் 79 வயதுக்காரர்கள். 45 வயதுக்குப் பிறகு நீண்ட நேரம் வேலை பார்த்தவர்கள். 'எனக்கு ஒண்ணும் ஆகலையே' என்பதை நம்ப முடியாது.

ஜப்பானில் அதிக வேலையால் நேரும் மரணத்துக்கு 'கரோஷி' என்றே பெயர். அங்கே 2018-ல் நிறைவேறிய சட்டம் ஓவர்டைமுக்கு மாதம் 45 மணி நேரம் என்று பொது வரம்பு வைத்தது. தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்த மசோதா 2023 ஏப்ரலில் நிறைவேறி, எதிர்ப்பால் மே 1-ல் கைவிடப்பட்டது.

ஓவர்டைமை விட முடியாதவர்கள் பிபி, சர்க்கரையையாவது அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். திடீரென முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை மரத்தாலோ, பேச்சு குழறினாலோ 'ஷிஃப்ட் முடியட்டும்' என்று காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.