வில்வண்டி, கட்டை வண்டி, பிக்கப்

சென்னையிலிருந்து வருகிற நண்பர்கள் என் வண்டியைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "இது காரா, லோடு வண்டியா?" ரெண்டும்தான்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. நான் தினமும் ஓட்டுவது இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். முன்னால் ஐந்து பேர் உட்காரும் கேபின், பின்னால் திறந்த தொட்டி. இந்த மாதிரி வண்டிக்கு ஒரு வரலாறு இருக்கு. அது நம்ம செங்கல்பட்டையும் தொட்டுட்டுப் போகுது.

முதலில் நம்மூர்க் கதை. தாத்தா காலத்தில் வசதியான வீடு என்றால் ரெண்டு வண்டி இருக்கும். நெல்லும் எருவும் ஏற்றக் கட்டை வண்டி. கோயில், கல்யாணம்னு போக வில்வண்டி. அடியில் இரும்பு வில் இருப்பதால் வில்வண்டி அதிகம் குலுங்காது. ஆனால் யார் எதில் ஏறலாம் என்பது காசை மட்டும் பொறுத்த விஷயமாக இருக்கவில்லை. 1893-ல் திருவிதாங்கூரில் அய்யன்காளி, தன் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்வண்டியில் போனதே ஒரு போராட்டம். வண்டி வெறும் மரமும் இரும்பும் இல்லைங்க.

ரெண்டு வேலைக்கும் ஒரே வண்டி என்ற யோசனைக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு கதை சொல்வார்கள். 1932-ல் விக்டோரியா மாநில விவசாயி ஒருவரின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாராம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகணும், திங்கட்கிழமை அதிலேயே பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டு போகணும் என்று கேட்டாராம். உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். ரெண்டு வண்டி வாங்க விவசாயிக்கு வழியில்லை. லூ பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் காரின் உடம்போடு தொட்டியைச் சேர்த்து வரைந்தார். 1934-ல் ஜீலாங் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. அங்கே அதற்கு 'யூட்' என்று பேர். பிறகு ஹோல்டனும் செய்தது. பெரிய எஞ்சின் போட்ட, வேகமான யூட்களும் வந்தன. இளைஞர்கள் ஆசைப்பட்டு வாங்கினார்கள். ஃபோர்டு 2016-லும், ஹோல்டன் 2017-லும் அங்கே உற்பத்தியை நிறுத்தின.

அதே ஃபோர்டு 1990களில் நம்ம மறைமலைநகருக்கு வந்தது. ரேஞ்சர் பிக்கப்பின் அடிச்சட்டத்தில் உருவான எண்டெவரை இங்கே விற்றது, ரேஞ்சரை விற்கவில்லை. 2022-ல் இந்த ஆலையிலும் கார் உற்பத்தி நின்றது.

நம்ம விவசாயிக்குக் கை கொடுத்தது 2005-ல் வந்த டாடா ஏஸ், அதாவது குட்டி யானை. தர்பூசணி, நெல், வைக்கோல், எல்லாம் அதில்தான். ஆட்களும் அதில்தான். நடவுக்குப் போகும் பெண்கள் பின்னால் நின்றுகொண்டே போவார்கள். சரக்கு வண்டியில் அப்படி ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு. கவிழ்ந்தால் இன்சூரன்ஸ் பணமும் சிக்கல்தான்.

2016-ல் ஸ்ரீசிட்டி ஆலையிலிருந்து வி-கிராஸ் வந்தபோது, பிக்கப்பைச் சொந்த உபயோக வண்டியாக, வெள்ளை போர்டில் பதிய முடிந்தது. எனக்கு அது பெரிய விஷயம்.

நான் செய்த மாற்றம் கொஞ்சம்தான். தொட்டிக்குள் பிளாஸ்டிக் லைனர், தார்ப்பாய் கட்டக் கொக்கிகள், மண்பாதைக்கு ஏற்ற டயர் (அதே அளவு), அடியில் துருத்தடுப்புப் பூச்சு. கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை உப்புக்காற்று இரும்பைத் தின்னுடும். கடலோரம் போய் வந்தால் நல்ல தண்ணியில் அடிப்பக்கம் கழுவணும். முன்னால் இரும்புக் கம்பி மாட்டவில்லை. 2017-லேயே மத்திய அரசு அதைத் தடுத்துவிட்டது. வண்டியை உயர்த்தவும் இல்லை. நிறுவனம் தந்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

நடவு சமயத்தில் ஒரு நடைக்கு நாலு பேரைத்தான் கூட்டிவர முடியும். அதனால் ரெண்டு நடை ஓட்டுறேன். டீசல் கூடத்தான் ஆகுது. ஆனா எல்லாரும் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கிட்டு வர்றாங்க. முதல் நாள் ஒரு அக்கா, காலைக் கழுவிட்டுத்தான் ஏறுவேன்னு வாய்க்கால் பக்கம் போனாங்க. "சேறு இந்த வண்டிக்குப் புதுசா, ஏறுங்கக்கா"ன்னேன். இப்ப முன் சீட்டு அவங்களோடதுதான்.