சேம அச்சு

பண்டைத் தமிழகத்தில் உப்பு விற்ற உமணர், மாட்டுவண்டிகளிற் பாரமேற்றி நெடுந்தூரம் சென்றனர். மேடும் பள்ளமும் மலிந்த வழியில் அச்சு முறிந்தால் உதவுவார் எவருமிலர். ஆதலின் வண்டியின் கீழே மற்றோர் அச்சையும் கட்டிச் சென்றனர். புறநானூறு இதனைச் சேம அச்சு என்று குறிக்கின்றது. வழியில் நேரக்கூடிய இடரை முன்னரே எண்ணி, அதற்கு வேண்டியதைத் தாமே கொண்டு செல்லுதல் பாரவண்டி ஓட்டுவோரின் பழைய தொழிலறம். மோட்டார் லொறி தோன்றிய பின்னரும் அவ்வறம் நெடுங்காலம் நிலவியது, பின்னர்த் தேய்ந்தது. அது வளர்ந்த வகையையும் தேய்ந்த வகையையும், சரக்கிற் பெரும்பகுதியை லொறிகளிலேயே கொண்டு செல்லும் ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றிற் காணலாம்.

1919ஆம் ஆண்டு யூலை 7ஆந் திகதி, அந்நாட்டு இராணுவத்தின் மோட்டார் அணியொன்று வாசிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டது. 3,200 மைலுக்கு மேற்பட்ட அவ்வழியைக் கடக்க 62 நாட்கள் சென்றன. பாலங்கள் பாரந்தாங்காது முறிந்தன. சேற்றிலும் மணலிலும் சில்லுகள் புதைந்தன. பின்னாளிற் சனாதிபதியான ஐசனோவர் அவ்வணியில் ஓர் அதிகாரியாகச் சென்றார். சாரதிகள் போதிய பயிற்சி பெறாதவர்கள் என்று அவர் தமது அறிக்கையிற் குறை கூறினார். இக்குறிப்பு கவனிக்கத்தக்கது. அக்காலத்து மனிதர் பிறவியிலேயே வல்லவராயிருந்தாரல்லர். கரடுமுரடான வழியும் நாட்பட்ட பழக்கமுமே சாரதிகளை வல்லவராக்கின.

தொடர்ந்து வந்த நாற்பது ஆண்டுகளில் அவ்வல்லமை ஒரு தேர்ந்த தொழிலாக முதிர்ந்தது. பார லொறியின் கியரை மாற்றுந்தோறும் சாரதி கிளச்சை இருமுறை மிதித்து, எஞ்சினின் ஒலியைச் செவியால் அளந்து, அதன் வேகத்தைச் சில்லுகளின் வேகத்தோடு பொருத்த வேண்டியிருந்தது. ஏறிய கியரிலேயே இறங்குதல் வேண்டும் என்பது மலைவழிச் சாரதிகளின் விதி. இறக்கத்தில் வேகம் மிஞ்சியபின் தாழ்ந்த கியருக்கு மாறுதல் அரிது. பிறேக்கை மட்டும் நம்பினாலோ அது சூடேறி வலுவிழந்துவிடும். டீசல் எஞ்சின்களாற் புகழ்பெற்ற கிளெஸி கமின்ஸ், 1931இற் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இவ்வாறு பிறேக் இழந்த லொறியில் இறங்கி, அடிவாரத்திற் சென்ற புகையிரதத்தில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். எஞ்சினையே தடையாக்கும் பொறியொன்றைப் பின்னர் அவர் வகுத்தார். அது 1961இல் விற்பனைக்கு வந்தது. அப்பொறி சாரதியின் அறிவுக்குத் துணையாக வந்ததேயன்றி மாற்றாக வரவில்லை.

தொழிற்றிறன் நிலைபெற ஊதியமும் வேண்டும். 1935ஆம் ஆண்டின் சட்டம் சரக்குக் கட்டணங்களை அரசின் மேற்பார்வைக்குட்படுத்தியது. 1964இல் ஜிம்மி ஹோபாவின் தலைமையிலிருந்த தொழிற்சங்கம், நாடளாவிய ஊதிய ஒப்பந்தமொன்றைப் பெற்றது. அச்சங்கத்தின் சின்னத்தில் இரு குதிரைத் தலைகள் உண்டு. 1903இல் அது தோன்றியபோது அதன் உறுப்பினர் குதிரைவண்டி ஓட்டுவோராய் இருந்தமையே காரணம். குடும்பத்தைக் காக்கும் கூலி கிடைத்தமையால் மக்கள் அத்தொழிலில் நிலைத்தனர், நிலைத்தமையாற் கற்றனர்.

எனினும் அக்காலம் குறையற்றதன்று. உறக்கத்தை ஒழிக்க மாத்திரை விழுங்கியோர் இருந்தனர். ஓட்டிய நேரத்தைப் பதியும் நாட்புத்தகத்திற் பொய்க்கணக்கு எழுதியோரும் இருந்தனர். பல மாநிலங்களில் மோட்டார்க்கார் ஓட்டும் அனுமதிப்பத்திரமே பெரும் லொறிக்கும் போதுமாயிருந்தது. சிலர் பல மாநிலங்களிற் பத்திரம் பெற்று, தம் குற்றங்களை அவற்றிடையே பகிர்ந்து மறைத்தனர். 1986ஆம் ஆண்டின் சட்டம் இம்முறைகேட்டைத் தடுத்து, தனிப் பரீட்சையையும் ஏற்படுத்தியது. இது வேண்டிய திருத்தமே.

தேய்வு வேறு வழியில் வந்தது. 1980 யூலை 1ஆந் திகதி சனாதிபதி காட்டர் ஒப்பமிட்ட சட்டம், பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. கம்பனிகள் பெருகின; சரக்குக் கட்டணம் தாழ்ந்தது; பொருள் கொள்வோர் பயன்பெற்றனர். சாரதிகளின் ஊதியமோ விலைவாசிக்கு ஈடுகொடாது தேய்ந்தது. நெடுவழிச் சாரதிகளிற் பலர் மைற்கணக்கிலேயே கூலி பெறுகின்றனர். பண்டகசாலை வாயிலிற் காத்திருக்கும் பொழுதுக்குப் பெரும்பாலும் கூலியில்லை. மேலதிக நேரக் கூலியை விதித்த 1938ஆம் ஆண்டின் தொழிற்சட்டமும் அவர்களை விலக்கியே வைத்தது. 2010களின் பல ஆண்டுகளில், பெரிய நெடுவழிக் கம்பனிகள் நூறு சாரதிகளை வைத்திருப்பதற்கு ஆண்டுதோறும் தொண்ணூறு பேரளவிற் புதிதாகச் சேர்க்க நேர்ந்தது. ஓராண்டும் நிலையாதவருக்கு எவர் கற்பிப்பார்? கற்பித்தாலும் எவ்வளவு கற்பார்?

பொறிகளும் சாரதியை விலக்கி நின்றன. கியரைக் கணினியே மாற்றுகின்றது; அத்தகைய லொறியிற் பரீட்சை கொடுத்தவரின் பத்திரம், கையாற் கியர் மாற்றும் லொறியை ஓட்ட இடந்தராது. புகையைத் தூய்மையாக்கும் அமைப்பிற் பழுது நேரின் எஞ்சின் தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும். அதைச் சாரதியின் கருவிப் பெட்டியாற் பெரும்பாலும் தீர்க்க இயலாது. தொலைபேசியெடுத்து உதவிக்குக் காத்திருத்தலே வழி. 2017 டிசெம்பரிலிருந்து நாட்புத்தகத்தின் இடத்தை மின்பதிகருவி பெற்றது. நாள்வேலை தொடங்கியதும் 14 மணி நேரக் கணக்கு ஓடுகின்றது. அதனுள் ஓட்டக்கூடியது 11 மணி நேரம். வாயிலிற் காக்கவைத்தாலும் அக்கணக்குப் பொதுவாக நிற்பதில்லை. பொய்க்கணக்கு அரிதாயிற்று, களைத்தபோது சற்றே உறங்கி எழுவோம் என்ற தீர்மானத்துக்குரிய இடமும் சுருங்கிற்று. 2022இல் நடைமுறைக்கு வந்த பயிற்சி விதியோ, புதியவர் இத்தனை மணி நேரம் வண்டியோட்டிப் பழக வேண்டும் என்று வரையறுக்கவில்லை.

இக்காலச் சாரதிகள் தொழிற்பற்று அற்றவர் என்று முதியோர் பழிப்பதுண்டு. வரலாறு அப்பழியை முழுவதும் ஏற்கவில்லை. தீர்மானிக்கும் உரிமையும், கற்கும் காலமும், நிலைத்து நிற்கும் கூலியும் ஒருங்கே குறைந்தபின், தற்சார்பு மட்டும் தனித்து வளர்தல் எங்ஙனம்? ஆயினும் பொறுப்புக் குறையவில்லை. பிறேக்கும் டயரும் விளக்கும் செம்மையாயுள்ளன என்று தாமே தெளிந்த பின்னரே வண்டியை எடுக்க வேண்டும் என்று அந்நாட்டு விதி இன்றும் சாரதியையே பணிக்கின்றது. பனிபடர்ந்த மலையிறக்கத்தில் எண்பதினாயிரம் இறாத்தல் நிறையோடு நிற்பவரும் அவரே. அவ்விடத்திற் கம்பனியும் கணினியும் தூரத்தில் உள்ளன. தம் அறிவையே சேம அச்சாகக் கொண்டு செல்லச் சாரதிகளைப் பழக்குதலும், பழகியவரைத் தொழிலில் நிலைக்கச் செய்தலும், அவர்தம் உயிருக்கு மட்டுமன்றி அதே வழியிற் செல்லும் ஏனையோர் உயிருக்கும் காவலாகும்.