மதுரைப் பாதம்

திரியாய் போன்ற வயற்புறங்களில் வெறுங்காலோடு நடக்கும் உழவனுக்கு முள் தைப்பது புதுமையன்று. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்வான். ஆயினும், வெப்ப நாடுகள் சிலவற்றில் முள் தைத்த புண்வழியே மண்ணிலுள்ள பூஞ்சணமும் உட்புகுந்து, ஆண்டுகள் பல கழித்துக் காலையே கவர்ந்துவிடுவதுண்டு. அந்நோயின் பெயர் மதுரைப் பாதம். தமிழ்நாட்டுத் தொன்னகர் ஒன்றின் பெயர் ஒரு நோயோடு உலகெங்கும் சென்ற வரலாறு, நேயர்களே, அறியத்தக்கதாகும்.

1842ஆம் ஆண்டில் மதுரை மருந்தகத்து மருத்துவர் கில் என்பார் இந்நோயை விவரித்தார். நோவற்ற சிறு வீக்கம் நாளடைவில் பெருகும். பாதம் பருத்துத் துளைகள் பல தோன்றும். அவற்றின் வழியே சீழோடு சிறு மணிகள் வெளிப்படும். சிலருக்கு அம்மணிகள் கரியவை; வேறு சிலருக்கு வெளிறியவை. நோய் எலும்பை அரித்தபின், காலைத் துணிப்பதன்றி அக்கால மருத்துவர்க்கு வேறு வழி இருக்கவில்லை.

அம்மணிகள் யாவை? பம்பாயில் பணியாற்றிய வாண்டைக் கார்ட்டர் அவற்றை நுண்காட்டியில் நோக்கினார். பூஞ்சணமே காரணம் எனக் கருதி, 1860இல் நோய்க்கு 'மைசெட்டோமா' எனப் பெயரிட்டார். 1905இல் பிரெஞ்சு அறிஞர் புரூம்ப்ட், கரிய மணிப் பூஞ்சணத்தின் பேரினத்துக்கு மதுரையை நினைவூட்டும் 'மதுரெல்லா' என்னும் பெயரை வழங்கினார்.

ஆனால், ஒரு நோய்க்கு ஒரே காரணம் என்னும் எண்ணம் நிலைக்கவில்லை. மணிகளுட் சில பூஞ்சணமே அல்ல, இழைபோல் வளரும் பற்றீரியாக்கள் எனத் தெரியவந்தது. பற்றீரியாவால் வந்ததைப் பெரும்பாலும் தணிக்கும் மருந்து, பூஞ்சணத்தால் வந்ததற்குப் பயன்படாது. இரண்டையும் பிரித்தறியாத மருத்துவம் இருளில் எய்த அம்பேயாகும்.

வேற்றுமை அத்துடனும் முடியவில்லை. நோயாளரிடமிருந்து எடுத்த பூஞ்சணங்களின் பரம்பரையலகுகளை அறிஞர் ஒப்பிட்டனர். நுண்காட்டியில் ஒன்றுபோலத் தோன்றியவை வெவ்வேறு இனங்கள் என 2012இல் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று, வழக்கமாகக் கொடுக்கப்படும் இற்றாக்கொனசோல் மருந்துக்கு ஆய்வுக்கூடத்தில் எளிதில் அடங்கவில்லை. ஆகவே, இனத்தைச் சரிவர அறிதல் ஏட்டளவான ஆராய்ச்சியன்று. நோயாளியின் காலைக் காக்கும் செயலாகும்.

2016இல் உலக சுகாதார நிறுவனம் இந்நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் வரிசையிற் சேர்த்தது. கில் எழுதி 174 ஆண்டுகள் சென்றபின் கிடைத்த கவனம் இது. வறியவனின் காலில் வந்த நோய் என்பதாலன்றோ இத்துணைத் தாமதம்? நோவில்லை என்று வீக்கத்தைப் பொருட்படுத்தாதிருப்பதே இந்நோய்க்கு நாம் அளிக்கும் இடம். வயலுக்குச் செல்வோர் காலணி அணிவதும், ஆறாத வீக்கத்தைக் காலத்தோடு மருத்துவரிடம் காட்டுவதும் அவ்விடத்தை அடைத்துவிடும்.