தோட்டத் தொழிலும் ஆபத்துக் கணிப்பும்



ஜொகூர் ஆற்றங்கரையில் உள்ள கோத்தா திங்கி வட்டாரத்தில் ஒரு காலத்தில் மிளகு விளைந்தது. பின்னர் ரப்பர் வந்தது. இன்று செம்பனை நிறைந்திருக்கிறது. பயிர் மாறியபோது தொழிலாளிக்கு வரும் ஆபத்தும் மாறியது. அந்த ஆபத்தை முன்கூட்டியே அளந்து பார்க்கும் கடமை நம் நாட்டுச் சட்டத்தில் எப்படி இடம்பெற்றது என்பதை இன்று பார்ப்போம்.

ஆபத்தை அளப்பது தோட்டத்துக்குப் புதிதன்று. 1901ஆம் ஆண்டு கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், தோட்டக் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று கணக்கெடுத்தார். மலேரியா அடிக்கடி கண்ட குழந்தைக்கு மண்ணீரல் வீங்கும். கடலோரத் தாழ்நிலத்தில் காட்டை வெட்டி நீரை வடித்தபோது காய்ச்சல் குறைந்தது. மலைப்பாங்கான தோட்டங்களிலோ காட்டை வெட்டி ஓடையில் வெயில் பட்டதும் காய்ச்சல் பெருகியது. நோயைப் பரப்பும் கொசு இடத்துக்கு இடம் வேறாக இருந்ததே காரணம். ஓரிடத்துக்குச் சரியான விதி இன்னோரிடத்துக்குத் தீங்காக முடியலாம் என்பதை அந்தக் கணக்கு காட்டியது.

இந்தப் பாடம் சட்டத்தில் ஏற வெகுகாலம் ஆயிற்று. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் ஆலைகளையும் இயந்திரங்களையுமே கவனித்தது. வெளிக்காட்டில் மருந்தடிப்பவர் அதன் கண்ணில் படவில்லை. 1971இல் தொடங்கிய சொக்சோ, அடிபட்ட பிறகு உதவித்தொகை தந்தது. 1974ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டம், மருந்தை விற்குமுன் பதிவு செய்யவேண்டும் என்றது.

இதற்கிடையே பிரிட்டனில் 1972இல் ராபன்ஸ் பிரபுவின் குழு புதிய கருத்தொன்றைச் சொன்னது. ஆபத்தை உண்டாக்குபவரே தொழிலாளர்களோடு சேர்ந்து அதைத் தடுக்கும் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்பது அக்கருத்து. அதே வழியில் மலேசியாவில் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பிறந்தது. விவசாயமும் அதனுள் அடங்கியது. 2000ஆம் ஆண்டு விதிகளின்படி, இரசாயன மருந்தைப் பயன்படுத்தும் முதலாளி, அது உடலில் எவ்வழியாக ஏறும், எவ்வளவு ஏறும், தடுப்பதெப்படி என்பவற்றை எழுத்தில் மதிப்பிடவேண்டும். ஐந்தாண்டுக்குள் மீண்டும் மதிப்பிடவேண்டும்.

ஆனால் கணிப்பு யாரைக் கேட்டுச் செய்யப்படுகிறது? பாராகுவாட் என்னும் களைக்கொல்லியின் கதை இதற்குச் சான்று. கிரமாக்சோன் என்ற பெயரில் பலர் அறிந்த மருந்து அது. உடலில் ஏறினால் நுரையீரலைக் கெடுக்கும். அதற்கு முறிமருந்து கிடையாது. லேபிளில் உள்ளபடி பயன்படுத்தினால் ஆபத்தில்லை என்பது தயாரிப்பாளர் வாதம். ஆனால் கொதிக்கும் வெயிலில், கசியும் பம்பைச் சுமந்து, கிழிந்த கையுறையோடு அடிப்பவர் அந்த லேபிளில் இல்லை. 2002இல் தெனாகானித்தா அமைப்பு மருந்தடிக்கும் பெண்களிடம் நேரில் பேசி அவர்களின் உடல்நோவுகளை அறிக்கையாக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு தடையை அறிவித்தது. 2006 நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. 2007இல் ஐரோப்பிய நீதிமன்றம், இம்மருந்துக்கு அங்கே தரப்பட்ட அனுமதியை ரத்துச் செய்தது. இங்கே 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் முழுத்தடை வந்தது. முதல் அறிவிப்புக்கும் முழுத்தடைக்கும் இடையே பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

திருத்தப்பட்ட சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. 1967ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. ஆபத்துக் கணிப்பு இப்போது முதலாளியின் பொதுக் கடமை. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளியிடம் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு.

ஆகவே, தாய்மார்களே, கணிப்பாளர் உங்கள் தோட்டத்துக்கு வரும்போது ஒதுங்கி நிற்காதீர்கள். பம்பு கசிகிறதா, கைகழுவத் தண்ணீர் இருக்கிறதா, நகம் கறுக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்பதையெல்லாம் அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாத நோவு அவர் தாளில் ஏறாது. தாளில் ஏறாத ஆபத்தைத் தடுக்கச் சட்டத்துக்கு வழி தெரியாது.