தொப்பூர்க் கணவாய் கடந்த நிலவு மண்

சேலத்திலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயில் மலையேறித் தருமபுரி மாவட்டத்தின் ஊடே செல்கின்றது. ராக்கெட்டுகளைப் போரில் கையாண்ட திப்பு சுல்தானின் படை 1790இல் கடந்த கணவாய் அது. இரு நூற்றாண்டுகளுக்குப் பின், நிலவுக்குச் செல்லவிருந்த ஒரு கலத்தின் பொருட்டு, சேலத்துக் கல்லுடைப்பு ஆலைகளில் பொடியாக்கப்பட்ட பாறை பெங்களூருக்குப் போயிற்று. இவ்வழியேதான் போயிருக்க வேண்டும். கண்டவர்கள் ஜல்லி லாரி என்றே எண்ணியிருப்பார்கள்.

அப்பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளுக்கு உரியது. 1965இல் தருமபுரி தனி மாவட்டமாகும் வரை இவையனைத்தும் ஒரே சேலம் மாவட்டமாகவே இருந்தன. அனார்த்தோசைட் என்பது அதன் பெயர். நிலவின் மேட்டு நிலங்களும் பெரும்பாலும் இவ்வகைப் பாறையால் ஆனவையே. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் இதற்குத் துணை நின்றனர். சுமார் 50 டன் மண்ணைப் பரப்பி, ஊர்தியின் சக்கரங்களை அதில் ஓட்டிப் பார்த்தது இஸ்ரோ.

2019 ஜூலை 22இல் சந்திரயான்-2 புறப்பட்டது. செப்டம்பர் 7, பின்னிரவு. நம் கணக்கில் முஹர்ரம் பிறை ஏழு. நாடே கண்விழித்திருக்க, நிலவின் தரைக்கு 2.1 கிலோமீட்டர் உயரம் வரை விக்ரம் கலத்தின் செய்தி வந்தது. பிறகு வரவில்லை. அந்த நவம்பரில் அரசு நாடாளுமன்றத்தில் இதனைக் ‘கடினத் தரையிறக்கம்’ என்றது. விழுந்து நொறுங்கியதற்கு இத்தனை மென்மையான பெயர் தேவைதானா என்று நமக்குத் தோன்றியதுண்டு.

பழுது மண்ணில் இல்லை. வேகத்தைத் தணிக்கும் ஐந்து இயந்திரங்களும் எதிர்பார்த்ததைவிட மிகுந்த விசை தந்தன. நிலத்தைப் படம் பிடிக்கக் கலம் அசையாதிருக்க வேண்டிய கட்டத்தில் பிழையைத் திருத்த இயலாமற் போயிற்று. சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. பின்னர் விரைந்து திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் கணினிக் கட்டளையோ அந்தத் திருப்பத்துக்கு எல்லை வகுத்திருந்தது. இறங்க ஒதுக்கிய இடமும் 500 மீட்டர்ச் சதுரமே. அதை எட்டுவதற்காகக் கலம், தரையை நெருங்கிய நிலையிலும் வேகத்தைக் கூட்டிக்கொண்டது. ஆக, மண்ணைத் தொட்டபின் நேரக்கூடியதைச் சித்தம்பூண்டிப் பாறை முன்பே சொல்லிக் கொடுத்திருந்தது. தொடுமுன் நேர்ந்ததைச் சொல்லித் தர எந்த ஊர்ப் பாறையாலும் ஆகவில்லை.

விண்வெளி வரலாற்றில் இது புதிதன்று. 1961 பிப்ரவரி 12இல் வெள்ளிக் கிரகத்தை நோக்கிச் சோவியத் நாடு ஏவிய வெனேரா-1 சில நாட்களிலேயே வாய்மூடி, மே மாதத்தில் ஊமையாகவே அக்கிரகத்தைக் கடந்தது.

இஸ்ரோ பிழைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தது. அடுத்த கலத்தில் இயந்திரங்கள் நான்காயின, கால்கள் வலுப்பெற்றன, எரிபொருள் மிகுந்தது, இறங்குமிடம் பல கிலோமீட்டராக விரிந்தது. என்னென்ன பழுதாகலாம் என்பதிலிருந்தே அதன் அமைப்பைத் தொடங்கினார்கள். விழாமல் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த சந்திரயான்-2இன் மற்றொரு பாகம், புதிய கலத்துக்கும் பூமிக்கும் இடையே செய்தி கடத்த உதவியது.

2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். சில மணி நேரத்தில் ஊர்தியின் ஆறு சக்கரங்களும் நிலவு மண்ணில் உருளத் தொடங்கின.