குடிநோயாளரின் வாழ்க்கைத்துணைக்கான ஆதரவு

குடிநோயாளரின் வாழ்க்கைத்துணைக்கான ஆதரவு என்பது மதுவுக்கு அடிமையான ஒருவரின் மனைவி அல்லது கணவர் தமது உடல்நலம், மனநலம், பாதுகாப்பு, வருவாய் ஆகியவற்றைக் காத்துக்கொள்ள உதவும் மருத்துவ, உளவியல், சட்ட, சமூக உதவிகளைக் குறிக்கும். குடிப்பவர் சிகிச்சைக்கு இணங்கிய பின்னரே குடும்பத்துக்கு உதவி தேவைப்படும் என்று பரவலாகக் கருதப்படுகிறது. ஆனால் அவர் இணங்கும் முன்னரும், இணங்காமலே போனாலும், துணைவருக்குத் தனியாக உதவி தேவை என்பதே இத்துறையின் அடிப்படைக் கருத்தாகும். இந்தியாவில் இக்கருத்தைப் பரப்பிய முன்னோடிகளுள் ஒருவர் சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன் ஆவார்.

பின்னணி

மது அடிமைத்தனத்தை உலக சுகாதார அமைப்பு நோயாக வகைப்படுத்தியுள்ளது. குடிக்க வேண்டும் என்ற அடக்கமுடியாத வேட்கை, அளவைக் கட்டுப்படுத்த இயலாமை, நாளடைவில் கூடுதல் அளவு தேவைப்படுதல், நிறுத்தினால் நடுக்கமும் தூக்கமின்மையும் தோன்றுதல், தீங்கு தெரிந்தும் தொடர்ந்து குடித்தல் ஆகியன இதன் அறிகுறிகள் ஆகும். இந்தியாவின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 மதுப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது.

இந்திய அரசு 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியர்களுள் 14.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர். இவர்களுள் 5.7 கோடிக்கு மேற்பட்டோருக்கு உதவி தேவைப்படுகிறது. மதுவுக்கு அடிமையானவர்களுள் 38 பேரில் ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினர். எஞ்சிய 37 பேரின் குடும்பங்கள் சிகிச்சையின் துணையின்றியே நோயை எதிர்கொள்கின்றன.

தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுள் 25.4 விழுக்காட்டினரும் பெண்களுள் 0.3 விழுக்காட்டினரும் மது அருந்துவதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) தெரிவிக்கிறது. எனவே தமிழ்நாட்டில் பாதிக்கப்படும் துணைவருள் மிகப் பெரும்பாலோர் மனைவியரே ஆவர்.

துணைவருக்கு ஏற்படும் பாதிப்புகள்

பாதிப்புகள் பொதுவாகப் பின்வருமாறு வகைப்படுத்தப்படுகின்றன.

- உடல்: தூக்கமின்மை, தலைவலி, வயிற்றுக் கோளாறு, அடி உதையால் ஏற்படும் காயங்கள்.
- மனம்: அச்சம், மனச்சோர்வு, குற்றவுணர்வு, தற்கொலை எண்ணம்.
- பொருளாதாரம்: கூலி வீடு வந்து சேராமை, நகை அடகுக்குப் போதல், வட்டிக் கடன்.
- சமூகம்: திருமணம், காதுகுத்து போன்ற நிகழ்ச்சிகளைத் தவிர்த்தல், உறவினரிடமிருந்து ஒதுங்குதல்.

மேற்கூறிய குடும்பநல ஆய்வின்படி, கணவர் அடிக்கடி போதையில் இருக்கும் பெண்களுள் 70 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியுள்ளனர். கணவர் குடிக்காத பெண்களிடையே இது 23 விழுக்காடாகும். குடியே வன்முறைக்கு ஒரே காரணம் அன்று என்பதையும் இவ்விரண்டாவது எண் காட்டுகிறது. ஆகவே குடி நின்றால் அடியும் தானாக நின்றுவிடும் என்று கருதிப் பாதுகாப்பு ஏற்பாட்டைத் தள்ளிப்போடுவது சரியன்று.

குடிப்பவரின் தவறுகளை மறைப்பதும் ஒரு பாதிப்பாகவே கருதப்படுகிறது. வேலைக்குப் போகாத கணவருக்குக் காய்ச்சல் என்று முதலாளியிடம் கூறுதல், அவர் பட்ட கடனைத் தாமே அடைத்தல், வாந்தியைக் கழுவி ஒன்றும் நடவாதது போல் இருத்தல் முதலியன அன்பினாலும் மானத்துக்கு அஞ்சியும் செய்யப்படுபவை. எனினும் குடியின் விளைவுகள் குடிப்பவரைச் சென்றடையாமல் இவை தடுத்துவிடுகின்றன.

வரலாறு

அல்-அனான்

பில் வில்சன், மருத்துவர் பாப் சிமித் ஆகியோர் 1935-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் குடிநோயாளர் கூட்டமைப்பைத் தொடங்கினர். கணவர்கள் கூட்டத்தில் இருக்கையில் வெளியே காத்திருந்த மனைவியர் தமக்குள் பேசிக்கொள்ளத் தொடங்கினர். தாமும் மாற வேண்டியுள்ளது என்பதை அவர்கள் உணர்ந்தனர். பில் வில்சனின் மனைவி லோயிசு வில்சன் 1951-இல் இத்தகைய குழுக்களை ஒருங்கிணைத்து அல்-அனான் அமைப்பை உருவாக்கினார். குடிநோயாளரின் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான அலட்டீன் 1957-இல் தோன்றியது.

அல்-அனான் கூட்டங்களில் கட்டணம் இல்லை. உறுப்பினரின் அடையாளம் வெளியே சொல்லப்படுவதில்லை. குடும்பத்தினர் நோயை உண்டாக்கவில்லை, அதனைக் கட்டுப்படுத்தவோ குணப்படுத்தவோ அவர்களால் இயலாது என்பது இங்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம் ஆகும். தமிழ்நாட்டிலும் இத்தகைய கூட்டங்கள் தமிழில் நடைபெறுகின்றன.

டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை

சென்னையின் டி. டி. கே. தொழிற் குடும்பத்தைச் சேர்ந்த டி. டி. ரங்கநாதன் குடிநோயால் 1979-இல் இளம் வயதிலேயே காலமானார். குடிநோய்க்கெனத் தனி மருத்துவமனைகள் நாட்டில் அரிதாக இருந்த காலம் அது. அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் அமெரிக்காவில் இத்துறையில் பயிற்சி பெற்று, 1980-இல் கணவரின் பெயரால் அறக்கட்டளையை நிறுவினார். இதன் மருத்துவமனை சென்னை இந்திரா நகரில் இயங்குகிறது. இவருக்கு 1992-இல் பத்மசிறீ விருதும், 1999-இல் ஐக்கிய நாடுகள் அவையின் வியன்னா குடிமைச் சமூக விருதும் வழங்கப்பட்டன.

நோயாளிக்கு மட்டுமன்றி அவருடைய குடும்பத்தினருக்கும் தனிச் சிகிச்சைத் திட்டம் இருப்பது இம்மருத்துவமனையின் சிறப்பாகும். நோயைப் பற்றிய வகுப்புகள், தனிநபர் ஆலோசனை, குழு உரையாடல் ஆகியன இத்திட்டத்தில் அடங்கும். மருத்துவமனைக்கு வர இயலாத ஊர்ப்புற மக்களுக்காக, திருவாரூர் மாவட்டத்தின் மஞ்சக்குடி போன்ற இடங்களில் ஊரிலேயே தங்கிச் சிகிச்சை பெறும் முகாம்களையும் அறக்கட்டளை நடத்தியுள்ளது.

குடிப்பவரைச் சிகிச்சைக்கு இணங்கச் செய்தல்

அவராகத் திருந்தினால்தான் உண்டு என்பது பொதுவான நம்பிக்கை. அமெரிக்க உளவியலாளர் இராபர்ட் மேயர்சும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய கிராஃப்ட் என்னும் குடும்பப் பயிற்சி முறை இதற்கு மாறானது. இதில் பயிற்சி பெறுபவர் குடிப்பவர் அல்லர், குடும்பத்தினரே ஆவர். சிகிச்சையை மறுத்துவந்த குடிநோயாளரின் குடும்பத்தினர் 130 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 1999-இல் வெளியான ஆய்வில் மூன்று முறைகள் ஒப்பிடப்பட்டன. கிராஃப்ட் முறையில் 64 விழுக்காட்டுக் குடிநோயாளர் சிகிச்சைக்கு வந்தனர். குடும்பத்தினர் ஒன்றுகூடிக் குடிப்பவரை நேருக்கு நேர் வற்புறுத்தும் ஜான்சன் முறையில் இது 30 விழுக்காடாகவும், அல்-அனான் வழியில் 13 விழுக்காடாகவும் இருந்தது. அல்-அனானின் நோக்கம் குடும்பத்தினரின் மனநலமே அன்றிக் குடிப்பவரைச் சிகிச்சைக்கு அழைத்துவருவது அன்று என்பதை இங்குக் கருத்திற்கொள்ள வேண்டும். மூன்று முறைகளிலும் குடும்பத்தினரின் மனநிலை ஏறத்தாழ ஒரே அளவில் மேம்பட்டது.

கிராஃப்ட் முறையின் முக்கியக் கூறுகள்:

- எந்நாளில், யாருடன், எதற்குப் பின் குடி தொடங்குகிறது என்று கவனித்தல். சனிக்கிழமை வாரக்கூலி வாங்கும் நாள் இதற்கு எடுத்துக்காட்டாகும்.
- குடிக்காத நேரத்தில் இனிமையாகப் பேசுதல், சேர்ந்து உண்ணுதல்; குடித்து வரும்போது வாக்குவாதம் செய்யாமல் விலகியிருத்தல்.
- குடியின் இயல்பான விளைவுகளை மறைக்காமல் விடுதல்.
- குடிப்பவர் தெளிவாக இருக்கும்போது, குறிப்பாகத் தாமே வருந்தும் தருணத்தில், சிகிச்சை பற்றிச் சுருக்கமாகக் கேட்டல். இணங்கினால் அன்றோ மறுநாளோ செல்லும்படி இடத்தை முன்னரே அறிந்து வைத்தல்.
- துணைவர் தமக்கென நட்பு, வேலை, ஓய்வு ஆகியவற்றை மீட்டுக்கொள்ளுதல்.

வன்முறை உள்ள வீட்டில் மேற்கூறிய எதையும் தொடங்கும் முன் பாதுகாப்புத் திட்டம் வகுக்கப்பட வேண்டும் என இம்முறை வலியுறுத்துகிறது.

தவிர்க்க வேண்டியவை

திடீர் நிறுத்தம்: பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இல்லாதவற்றைக் காணுதல், பிதற்றல், கடும் காய்ச்சல் ஆகியவற்றுடன் சன்னி நிலை தோன்றலாம். அறையில் பூட்டிவைப்பது இதற்குத் தீர்வாகாது. கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதும் சபரிமலைக்கு மாலையணிவதும் குடியை விடுவதற்குத் தமிழ்நாட்டில் பரவலாகக் கையாளப்படும் வழிகளாகும். அவ்வாறு விட விரும்பும் கடுங்குடியர் முதலில் மருத்துவரைக் காண வேண்டும்.

தெரியாமல் மருந்து கலத்தல்: குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம் என்று விளம்பரப்படுத்தப்படும் பொடிகளைத் தவிர்க்க வேண்டும். டைசல்பிராம் என்னும் மாத்திரையை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவத்தல், வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியன ஏற்பட்டு, சில வேளைகளில் இறப்பும் நேரலாம். இம்மாத்திரை நோயாளியின் ஒப்புதலோடும் மருத்துவரின் கண்காணிப்பிலும் மட்டுமே தரத்தக்கது.

சட்டப் பாதுகாப்பு

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 அக்டோபர் 26, 2006 முதல் நடைமுறையில் உள்ளது. உடல் வன்முறை மட்டுமன்றி, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமை, மனைவியின் நகையை விற்றல் போன்ற பொருளாதார வன்முறையும் இச்சட்டத்தில் அடங்கும்.

- வீடு கணவர் பெயரில் இருந்தாலும், வாடகை வீடாக இருந்தாலும், அதில் வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. மாமனார், மாமியார் பெயரில் உள்ள வீடும் இதில் அடங்கலாம் என உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது.
- பாதுகாப்பு ஆணை, வசிப்பிட ஆணை, பணநிவாரணம், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் ஆணை ஆகியவற்றை நீதித்துறை நடுவர் பிறப்பிக்கலாம்.
- பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மனுவைப் பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ அளிக்கலாம். விவாகரத்துக் கோர வேண்டிய கட்டாயம் இல்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன்படி பெண்கள் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி பெறலாம்.

ஊர்ப்புற நிலை: சிங்கவரம்

மேற்கண்ட உதவிகள் பெரும்பாலும் நகரங்களை மையமாகக் கொண்டவை. ஒரு சிற்றூரில் அவற்றை அடையும் வழியை விழுப்புரம் மாவட்டத்துச் சிங்கவரத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பல்லவர் காலக் குடைவரையில் அமைந்த அரங்கநாதர் கோயிலால் அறியப்படும் இவ்வூர், செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

இத்தகைய ஊர்களில் ஒருவர் குடிப்பது தெருவுக்கே தெரியும். மனைவி உதவி தேடுவது தெரிந்துவிடக் கூடாது என்பதே அச்சமாகும். அடையாளம் காக்கும் கூட்டம் என்பது ஒருவரையொருவர் அறிந்த ஊரில் எளிதன்று. ஆகவே முதல் உதவி தொலைபேசி வழியாகவோ அருகிலுள்ள நகரிலோ பெறப்படுவது இயல்பு. செஞ்சியில் அரசு மருத்துவமனையும் அனைத்து மகளிர் காவல் நிலையமும் உள்ளன. மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் உள்ளது. புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனையில் குடிநோய்க்கான சிகிச்சை அளிக்கப்படுகிறது. மகளிர் சுய உதவிக் குழுவில் தம் பெயரில் சேமிப்பதும் மனைவியின் பாதுகாப்பு ஏற்பாடுகளுள் ஒன்றாகும். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தில், தகுதியுள்ள பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் நேரடியாகச் செலுத்தப்படுகிறது.

இவ்வட்டாரத்தில் காலதாமதத்தின் விலை பெரிது. இதே மாவட்டத்தின் மரக்காணம் பகுதியில் 2023 மே மாதத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2019 வரை விழுப்புரத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியில் 2024 சூனில் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பலர் கூலித் தொழிலாளர்கள்.

உதவி எண்கள்

- 14446: போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண்
- 14416: டெலி-மானஸ் மனநல ஆலோசனை (2022 முதல்)
- 181: பெண்கள் உதவி எண்
- 112: அவசர உதவி

இவற்றுள் முதல் இரண்டையும் குடிப்பவர் மட்டுமன்றிக் குடும்பத்தினரும் அழைக்கலாம்.

மீள்குடி

சிகிச்சைக்குப் பின் மீண்டும் குடிக்கத் தொடங்குவது மீள்குடி எனப்படும். நாட்பட்ட பிற நோய்கள் மீண்டும் தலைதூக்குவதைப் போன்றதே இதுவும். சிகிச்சை வீணாயிற்று என்றோ மனைவியின் கவனிப்பில் குறை என்றோ இதனைக் கொள்ளலாகாது. உடனே மருத்துவரிடம் திரும்புவதே முறையாகும்.

சிகிச்சையும் மீள்குடியும் மாறிமாறி வரும் குடும்பங்களில், உடன் வாழ்வதா பிரிந்து வாழ்வதா என்பதைத் துணைவரே முடிவு செய்ய வேண்டும். ஆலோசகரின் பணி அம்முடிவை எடுப்பது அன்று. அச்சமின்றி அதனை எடுக்கும் நிலைக்கு அவரைக் கொண்டுவருவதாகும்.

இவற்றையும் பார்க்க

- குடிநோய்
- ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்
- தமிழ்நாட்டில் மதுவிலக்கு
- குடும்ப வன்முறை
- செஞ்சி